மீட்டருக்குள் ஒரு மீன்

பத்து வயதில் ஒரு காரின் வயதைக் குறைத்தவள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வயதில் பெருமையாகத்தான் இருந்தது, அதையும் மறைப்பதற்கில்லை. இன்றைக்கும் யாராவது பழைய வண்டி ஒன்றை வாங்கி வந்து, 'பாருங்கக்கா, வெறும் இருபதாயிரம்தான் ஓடியிருக்கு' என்று மீட்டரைக் காட்டினால், நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன். என் வீட்டுக்காரர் இதைப் பொறாமை என்று நினைக்கிறார். நினைத்துக்கொள்ளட்டும்.

அப்பா தூத்துக்குடியில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பெரிய கடைத்தெருவிலிருந்து கடலைப் பார்த்து இறங்குகிற சந்தில், ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க மட்டும்தான் முடியும் என்கிற அளவில் ஒரு பெட்டிக் கடை. எங்கள் ஊரில் வாட்ச்காரருக்கு வேலைக்குப் பஞ்சம் கிடையாது. உப்புக் காற்று சும்மா இருக்காது; எந்த மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் உள்ளே புகுந்து தின்றுவிடும். புதுத் துறைமுகம் வந்த புதிது வேறு. கப்பலில் வந்து இறங்கிய வெளிநாட்டு வாட்சுகள் எப்படியோ ஊருக்குள் நடமாடின. எப்படி வந்தது என்று அப்பா கேட்க மாட்டார், ஏன் ஓடவில்லை என்று மட்டும்தான் கேட்பார்.

நேரத்தில் அப்பா மகா கண்டிப்பு. எங்கள் வேதக்கோயில் கோபுரத்துக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதும் அவர்தான். சனிக்கிழமை சாயங்காலம் மர ஏணியில் ஏறிப் போய்ச் சாவி கொடுத்துவிட்டு, கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு இறங்கி வருவார். ஏழு மணிக்கு அடிக்க வேண்டியது ஒரு நிமிஷம் பிந்தி அடித்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. சபையில் யாருக்காவது ஒரு விஷயம் உண்மையா பொய்யா என்று சந்தேகம் வந்தால் 'வாட்சுக்காரரைக் கேளுங்க' என்பார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னாருடைய மகள் என்று கொஞ்சம் நிமிர்ந்துதான் நடப்பேன்.

அப்பாவிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த வாட்சைக் கழற்றி மாட்டினாலும், மூடியின் உள்பக்கத்தில் ஊசியால் ஒரு சின்ன மீன் கீறுவார். இரண்டே வளைகோடுதான், வால் பக்கம் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அதன் கீழே வேலை செய்த மாதமும் வருஷமும். மறுபடி அதே வாட்ச் வந்தால், போன தடவை எப்போது பார்த்தோம் என்று தெரிய வேண்டுமே, அதற்காக. வாட்ச் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் இப்படி ஏதாவது ஒரு அடையாளம் போடுவார்கள் என்று பிற்காலத்தில் தெரிந்தது. அப்போது எனக்கு அது அப்பா கண்டுபிடித்த மீன். அந்த மீனை நானும் சிலேட்டிலும் சுவரிலும் போட்டு அம்மாவிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

கார் புரோக்கர் ஒருவர் ஒருநாள் சிவப்புக் கட்டம் போட்ட துண்டில் எதையோ சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பிரித்தால் காரின் முன்பக்கத்தில் இருக்கிற மீட்டர். முள் ஆடாமல் சிக்கிக்கொண்டிருந்தது. அப்பா கார் மீட்டரை அதுவரை கையால் தொட்டதில்லை. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் அதைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் வந்த சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. புது டிரஸ் எடுத்துத் தந்தால் எங்கள் முகத்தில் வருகிற சிரிப்பு அது.

இரண்டாவது தடவை வந்த மீட்டரில் ஒரு பழுதும் இல்லை. புரோக்கர் குனிந்து ஏதோ சொன்னார். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு, முடியாது என்று தலையாட்டினார். புரோக்கர் விடுகிற ஆளா?

"அண்ணாச்சி, மதுரையில ஒருத்தன் ஓடுன கிலோமீட்டரக் கொறச்சு இத திருப்பித் தாரான். ஆனா நம்பரெல்லாம் கள்ளு குடிச்சவன் மாதிரி கோணிக்கிட்டு நிக்கி. பாத்த உடனே தெரிஞ்சிரும். ஒருத்தனாலயும் நேரா நிறுத்த முடியல. ஒங்க கைக்கு வருமான்னு பாக்கத்தான் வந்தேன். முடியலன்னா சொல்லுங்க, கொண்டு போயிருதேன்."

அவ்வளவுதான். பணத்தைக் காட்டியிருந்தால் அப்பா கடையை விட்டே விரட்டியிருப்பார், இது சத்தியம். 'ஒருத்தனாலயும் முடியல' என்ற சொல் அவரை உட்கார வைத்துவிட்டது. அது நல்ல குணமா கெட்ட குணமா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. என்னிடமும் அது இருக்கிறது.

அதன் பிறகு மாதத்துக்கு ஒன்றிரண்டு மீட்டராவது வரும். மத்தியானம் கடைத்தெரு அடங்கிக் கிடக்கும் நேரத்தில் அப்பா கடைப் பலகையைப் பாதி மூடி வைத்துக்கொண்டு வேலை பார்ப்பார். அம்மா ஒரு தடவை, "நமக்கு எதுக்கு இந்த வேல?" என்று கேட்டாள். "நான் திருப்புறது சக்கரத்தத்தான். வெல சொல்லுறது அவன்லா" என்றார் அப்பா. அன்றைக்கு அம்மா வைத்த குழம்பில் உப்பே இல்லை.

நான் அதில் எப்படி நுழைந்தேன் என்று கேட்டால், ஒரு கம்பியில் கோத்த அந்த ஐந்து குட்டிச் சக்கரங்களைப் பார்க்கிற ஆசையில்தான். ஒவ்வொன்றிலும் சைபரிலிருந்து ஒன்பது வரை வெள்ளை எண்கள். அப்பா கண்ணாடியைக் கழற்றி, முள்ளைப் பிடுங்கி, கம்பியை உருவி எடுப்பார். பிறகு என்னைப் பார்ப்பார்.

"ரவுண்டா வச்சா வாங்குறவன் முழிச்சிக்கிடுவான். நீ ஒரு நம்பர் சொல்லுளா."

முதல் இரண்டு எண் புரோக்கர் சொன்னபடி. கடைசி மூன்று எண் என்னுடையது. முதல் தடவை எனக்கு எந்த எண்ணும் தோன்றவில்லை. பிறகு கோயிலில் பாட்டு நம்பர் தொங்குகிற மரப்பலகை ஞாபகம் வந்தது. ஆராதனைக்கு முன்னால் அன்றைக்குப் பாடப்போகிற பாட்டுகளின் எண் அட்டைகளைச் செருகி வைத்திருப்பார்களே, அது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நான் பிரசங்கம் கேட்டேனோ இல்லையோ, பலகையை மனப்பாடம் செய்துவிடுவேன். என் எண்கள் எந்தெந்த ஊர் ரோட்டிலோ ஓடிக்கொண்டிருக்கின்றன என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகளுக்கு வராத யோகம் அல்லவா இது.

அந்த மார்கழியில் ஒரு அம்பாசிடர் மீட்டர் வந்தது. எண்பத்தேழாயிரத்துச் சொச்சம் என்று காட்டியது. அது எத்தனையாவது சுற்றோ, யார் கண்டது? லட்சத்தைத் தாண்டினால் அந்த மீட்டர் மறுபடி சைபரிலிருந்து ஆரம்பித்துவிடும். வேம்பார் ரோட்டில் உப்பளத்துக்கு ஆள் ஏற்றி அடித்த டாக்ஸி என்று புரோக்கரே சொன்னார். முப்பத்தோராயிரத்துக்கு இறக்க வேண்டும். நான் பலகையில் இரண்டாவது பாட்டைச் சொன்னேன். இருநூற்றுப் பதினேழு. அப்பா சக்கரங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, ஊசி முனையால் நேராக்கி, கம்பியில் கோத்தார். ஐந்து எண்ணும் பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி வரிசையாக நின்றன. கடைசியில் மூடியைப் போடுவதற்கு முன்னால், அவர் கை தன்னாலே ஊசியை எடுத்து மூடியின் உள்பக்கத்தில் ஒரு மீன் கீறியது. கீழே மாதமும் வருஷமும்.

"இதுக்குமாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார். "கைப் பழக்கம்" என்று சொல்லிவிட்டு மூடியை முடுக்கினார்.

என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, சாத்தான்குளத்தில் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். தாத்தா சின்ன வயதிலேயே இறந்துபோனதால் அத்தையைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தது அப்பாதான். மாமா கடற்கரை ரோட்டுப் பஸ்ஸில் கண்டக்டர். வாய் நிறையச் சிரிப்பும் கை நிறையப் பொரிகடலையுமாக வருகிற மனுஷன். அவர்கள் கல்யாணத்துக்கு அப்பா ஒரு வாட்ச் கொடுத்தார். பல வாட்சுகளைப் பார்த்துப் பொறுக்கி, தானே பிரித்துச் சுத்தம் செய்து, மாமாவுக்கு முன்னாலேயே மூடியைத் திறந்து உள்ளே மீனைக் காட்டிவிட்டுக் கையில் கட்டிவிட்டாராம். "எங்க மச்சான் எனக்கு மீன் புடிச்சுத் தந்தாருடே" என்று மாமா போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

தை மாதம் ஒரு காலையில் அத்தையும் மாமாவும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மாமா கண்டக்டர் வேலையை விட்டுவிட்டு, ஒரு கார் வாங்கி டாக்ஸி ஓட்டப் போகிறாராம். கார் ஓட்டக் கற்று லைசென்ஸும் எடுத்துவிட்டார். அத்தை கையில் ஆறு தங்க வளையல் எப்போதும் கிடக்கும். அன்றைக்கு ஆறும் இல்லை. கண்ணாடி வளையல் போட்டிருந்தாள், அதைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தாள். வண்டியைப் பார்த்துவைத்தாயிற்று, அண்ணன் ஒரு பார்வை பார்த்துச் சொன்னால் இன்றைக்கே முடித்துவிடலாம் என்றாள்.

சற்று நேரத்தில், மாமா போய் வழி காட்டிக் கூட்டிவர, கடை வாசலில் ஒரு அம்பாசிடர் வந்து நின்றது. புதுப் பெயிண்ட், புது சீட் கவர், பெடலுக்குப் புது ரப்பர். ஓட்டி வந்தவர் நம் புரோக்கர். வாசலில் நின்று அண்ணே என்று அத்தை கூப்பிட்டதும், அப்பா கடைக்குள்ளிருந்து எழுந்து வெளியே வந்ததும், புரோக்கரின் முகம் வெளுத்துப்போனதும் எனக்கு வரிசையாக ஞாபகம் இருக்கிறது. அத்தை இன்னாருடைய தங்கை என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு வண்டி காட்டியிருப்பாரோ என்னவோ.

"கப்பல் ஆபீசர் ஒருத்தரோட வண்டி மச்சான்" என்றார் மாமா. "மனுஷன் வருஷத்துல பத்து மாசம் கடல்ல கெடக்காரு. வண்டி ஷெட்டுலயே நின்னுருக்கு. மீட்டரப் பாருங்களேன்."

நான்தான் முதலில் ஓடிப் போய் எட்டிப் பார்த்தேன். முப்பத்தோராயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டு. விரல் விட்டுக் கழித்துப் பார்த்தேன். என் எண்ணுக்கு மேல் முப்பத்தொரு கிலோமீட்டர்! ஆகா, என் வண்டி! என் வண்டியை என் அத்தையே வாங்குகிறாள்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்பா, இது நம்ம…"

"போயி நாலு கலர் சோடா வாங்கிட்டு வா" என்றார் அப்பா. குரலில் அப்படி ஒரு அதட்டல். அவர் என்னை அப்படி அதட்டியதே இல்லை. எதிர்க் கடைக்கு ஓடிப் போய்க் கலர் பாட்டில்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, மாமா எஞ்சினை ஓட விட்டிருந்தார். அப்பா பானெட் பக்கம் தலையைச் சாய்த்து நின்றார். வாட்சைக் காதில் வைத்தே என்ன கோளாறு என்று சொல்கிறவர் அவர். எஞ்சின் சத்தத்தை அடக்கக் கெட்டி ஆயில் ஊற்றியிருப்பார்கள் என்பது எனக்கு இப்போது தெரிகிறது. அப்பாவுக்கு அப்போதே தெரிந்திருக்கும். ஏனென்றால் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லுண்ணே, எப்பிடி?" என்றாள் அத்தை.

"எனக்கு வாட்சுதானளா தெரியும். வண்டியப் பத்தி என்ன தெரியும்? கொஞ்சம் பொறுத்து வாங்கலாமே. அவசரம் என்ன?"

"மாசித் திருவிழா வருதுண்ணே. திருச்செந்தூருக்கு ஆள் ஏத்துனாலே எங்களுக்குப் போதும்."

"இல்ல, வேற ரெண்டு வண்டியும் பாத்துட்டு…"

"மச்சான் எப்பவும் இப்பிடித்தான், இழுத்துப் பேசுவாரு" என்று மாமா சிரித்தார். "வண்டியில குத்தம் ஏதும் தெரியுதா? அத மட்டும் சொல்லுங்க. நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னா இப்பவே திருப்பி அனுப்பிருதேன்."

ஒரு வார்த்தை. வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதும், காரணம்கூட யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் குற்றவாளிக்குக் கேட்காத கேள்வியெல்லாம் காதில் விழும் போல. 'ஏன் வேண்டாம், உனக்கு எப்படித் தெரியும்' என்று தங்கை கேட்பாள் என்று அப்பா பயந்திருக்க வேண்டும். சபையே சாட்சிக்குக் கூப்பிடுகிற மனுஷன், தான் வளர்த்த பிள்ளைக்கு முன்னால் அதைச் சொல்ல வேண்டும். அவர் புரோக்கரைப் பார்த்தார். புரோக்கர் தரையைப் பார்த்தார். நான் கலர் பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"குத்தம் ஒண்ணும் தெரியல" என்றார் அப்பா.

"அண்ணன் பாத்தாச்சு, போதும்!" என்று அத்தை கையைத் தட்டினாள். கண்ணாடி வளையல் சலசலத்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நம்பர் விஷயம் நமக்குள்ளேயே இருக்கட்டும் என்றார். எனக்கு அது இன்னும் பெரிய கௌரவமாகப் பட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம். அத்தையிடம் அன்றைக்கே உளறியிருந்தால் கொஞ்சம் அழுகை, கொஞ்சம் சண்டை, அதோடு போயிருக்கும். எத்தனையோ ரகசியத்தை உளறி அடி வாங்கியவள் நான், இந்த ஒன்றை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றினேனே, என்னத்தைச் சொல்ல!

மாசித் திருவிழாவில் வண்டி ஓடியது. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையும் மாமாவும் வண்டியிலேயே வந்து எங்களைத் திருச்செந்தூர்க் கடற்கரைக்குக் கூட்டிப் போனார்கள். அத்தை லேஸ் பின்னுவதில் கெட்டிக்காரி. வண்டியின் முன்பக்கத்துக்கு வெள்ளை நூலில் ஒரு விரிப்பு பின்னிப் போட்டிருந்தாள். அது மீட்டரை மறைத்துவிடக் கூடாது என்று அந்த இடத்தில் மட்டும் அளவெடுத்து வட்டமாக இடம் விட்டுப் பின்னியிருந்தாள், சுற்றிலும் பூ வைத்து. ஏறுகிறவர்கள் எல்லாம் பார்க்கட்டும் என்றாள். அப்பா முன் சீட்டில் அந்தப் பூவட்டத்துக்கு எதிரே உட்கார்ந்து வந்தார். எடுத்துப் போன புளியோதரையைத் தொடவில்லை. நான் பின்னாலிருந்து எட்டி எட்டி என் எண் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

சித்திரையில் எஞ்சின் நின்றுபோனது. ஒரு கல்யாண வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது சாத்தான்குளத்துக்கு வெளியே, தேரிக்காட்டுச் செம்மண்ணில், கடகடவென்று சத்தம் போட்டு நின்றதாம். பொண்ணு மாப்பிள்ளையைக் கட்டை வண்டியில் ஏற்றி அனுப்பினார்களாம். செய்தி மட்டும் எங்களுக்கு வந்தது. அப்பா அன்றைக்குக் கடை திறக்கவில்லை.

மாமா வந்தது கோடை லீவில், ஒரு மத்தியான வேளையில். நான் கடையில் உட்கார்ந்து பழைய வாட்ச் முட்களைச் சின்னது பெரிது என்று பிரித்துக்கொண்டிருந்தேன். மாமா சிரிக்கவில்லை, பொரிகடலையும் கொண்டுவரவில்லை. கையில் ஒரு துண்டு மூட்டை. மேசைமேல் வைத்துப் பிரித்தார். மீட்டர். அதன் மூடி தனியாக இருந்தது.

பிறகு கையிலிருந்த வாட்சைக் கழற்றி மீட்டருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மச்சான், இதோட மூடியக் கொஞ்சம் கழத்துங்க."

அப்பா கழற்றினார். வாட்ச் மூடியில் ஒரு மீன். மீட்டர் மூடியில் ஒரு மீன். இரண்டுக்கும் ஒரே வளைவு, ஒரே வால்.

"ரெண்டும் ஒரே கைதானா மச்சான்?"

அப்பா லென்ஸை மாட்டியிருந்தார். அதைக் கழற்றவில்லை, நிமிரவும் இல்லை. மாமா கோபமாகப் பேசவில்லை. பஸ்ஸில் ஊர் பேர் சொல்லுகிற மாதிரி மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார்.

"மெக்கானிக் சொன்னான், தேஞ்சு போயி ரெண்டு தடவ கடைஞ்ச எஞ்சினு, மீட்டரு பொய்யின்னு. நான் அவன்கிட்ட சண்டைக்குப் போனேன். எங்க மச்சான் காத வச்சுக் கேட்டுச் சொன்ன வண்டியாக்கும், கழத்திப் பாருலே, நம்பரு கோணியிருந்தா நான் காத அறுத்துக்கிடுதேன்னு நாந்தான் கழத்தச் சொன்னேன். நம்பரு நேராத்தான் இருந்திச்சு."

கடையில் அத்தனை கடிகாரச் சத்தமும் கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. மாமா கேட்கிற கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். ரகசியத்தை மாமாவே கண்டுபிடித்துவிட்டார், இனி என்ன மறைப்பது?

"ஆமா மாமா, அப்பாதான் செஞ்சது! நம்பர் நாஞ்சொன்னேன்! எரநூத்திப் பதினேழு! கோயில் பலகையில ரெண்டாவது பாட்டு!"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அங்கே இருப்பதையே அப்போதுதான் கவனித்தவர் மாதிரி.

"அப்பிடியாளா? அது என்ன பாட்டு?"

கேட்டதுதான் தாமதம், நான் பாட ஆரம்பித்துவிட்டேன். ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி கையைக் கட்டிக்கொண்டு, முதல் சரணம் முழுவதும் பாடினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அப்பாவின் லென்ஸுக்குக் கீழே கன்னம் நனைந்திருந்தது. லென்ஸை ரொம்ப நேரம் போட்டிருந்தால் கண்ணில் தண்ணீர் வரும் என்று அவரே சொல்லியிருக்கிறார், அதனால் நான் பாட்டை நிறுத்தவில்லை. கடவுளே, என்ன பிள்ளை நான்! இன்றைக்கும் கோயிலில் அந்தப் பாட்டு வந்தால் வாயை மட்டும் அசைப்பேன்.

பாட்டு முடிந்ததும் மாமா என் தலையில் கை வைத்தார். "நல்லாப் பாடுத" என்றார்.

"மாப்ள…" என்றார் அப்பா.

"வேண்டாம் மச்சான். நான் அவகிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன். அவளுக்கு அண்ணன்னு இருக்கது நீங்க ஒரு ஆளுதான்."

எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மீட்டரை விட்டுவிட்டார். வாட்சையும் விட்டுவிட்டார். நான் பின்னாலேயே ஓடி, "மாமா, வாட்ச வச்சிட்டுப் போறீங்க" என்றேன். வெயிலில் கறுத்த அவர் கையில் வாட்ச் கிடந்த இடம் மட்டும் வெள்ளையாகப் பட்டை போட்டிருந்தது.

"அது ரிப்பேருளா, அங்கனயே இருக்கட்டும்" என்றார். இரண்டு எட்டு போனவர் திரும்பி வந்து குனிந்தார். "நம்பரு நீ சொன்னத அத்தகிட்ட சொல்லிராத, என்ன."

சரி என்று தலையாட்டினேன். அடுத்த கார் வாங்கும்போது அத்தைக்கும் ஒரு நல்ல நம்பர் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி இரும்பு விலைக்குப் போனது. அத்தை அந்த லேஸ் விரிப்பை மட்டும் மடித்து வைத்துக்கொண்டாள். கண்டக்டர் வேலை மறுபடி கிடைக்கவில்லை. மாமா வேம்பார்ப் பக்கம் ஒரு உப்பளத்தில் காவலுக்குச் சேர்ந்தார். அந்த வெயிலிலும் உப்பிலும் நின்று நின்று அவர் கண் இரண்டும் சீக்கிரமே மங்கிப்போயின. அத்தை கையில் கண்ணாடி வளையல்தான், கடைசி வரைக்கும்.

அப்பா அதற்குப் பிறகு மீட்டரைத் தொடவில்லை. துண்டு மூட்டையோடு வந்த புரோக்கரை, கடைவாசலில் கால் வைப்பதற்குள் ஏசி விரட்டினார். அந்தச் சந்தே வேடிக்கை பார்த்தது. கோயில் கடிகாரத்துச் சாவியையும் அந்த ஆனியிலேயே சபை ஐயரிடம் கொடுத்துவிட்டு வந்தார். முட்டு வலிக்கிறது, ஏணி ஏற முடியவில்லை என்றார். அம்மா ஒன்றும் கேட்காமல் அவருக்கு முட்டில் தைலம் தேய்த்துவிட்டாள். நானும் தேய்த்துவிட்டேன்.

மாமாவின் வாட்ச் மேசை டிராயரில் கிடந்தது. அப்பா தினமும் காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அதை எடுத்துச் சாவி கொடுத்து, நேரம் சரிபார்த்து, மறுபடி உள்ளே வைப்பார். நான் திருட்டுத்தனமாக எடுத்துக் காதில் வைத்துப் பார்த்திருக்கிறேன். டிக் டிக்கென்று அழகாக ஓடும்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அத்தையும் மாமாவும் வந்தார்கள். மாமா பழையபடி சிரித்தார், பொரிகடலை கொண்டுவந்தார். ஆனால் கடைப் பக்கம் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை மாமாவின் வெறும் கையைப் பிடித்து அப்பாவிடம் நீட்டினாள்.

"என்னண்ணே, ஒம் மாப்ள வாட்ச குடுத்து ஏழு மாசமாச்சு. இன்னுமா ரிப்பேரு பாக்க? ஊர் வாட்செல்லாம் மறுநாளே குடுக்கிறியாம், சொந்த மாப்ளன்னா எளக்காரமா?"

அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே, "ஒரு சாமான் கெடைக்க மாட்டேங்குளா" என்றார்.

அது நன்றாகத்தானே ஓடுகிறது என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. மாமா இலைக்கு மேலாக என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு ஒன்று மட்டும் புரிந்துவிட்டதாகத் தோன்றியது. அப்பாவுக்கு முன்னே மாதிரி வேலை ஓடவில்லை. ஓடுகிற வாட்சைப் போய் ஓடவில்லை என்று வைத்திருக்கிறார். மாமா நல்லவர், அதனால் அவரைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறார். பாவம் அப்பா, வயதாகிவிட்டது என்று நினைத்து, என் இலையிலிருந்த பெரிய கறித் துண்டை எடுத்து அவர் இலையில் வைத்தேன்.